வைக்கோல் நிறம் வந்ததும்

நான் சொல்லிச் செய்யவைத்த முதல் கத்தி ஒன்பதாம் நாளே இரண்டாக ஒடிந்துபோனது. தோப்பில் ஒரு தேங்காயின் மட்டையில் முனையைக் குத்தி லேசாகத் திருகினேன். கண்ணாடித் தம்ளர் விரிசல் விடுகிற மாதிரி ஒரு சத்தம். பிடியும் நாலு விரல் நீளத் தகடும் என் கையில் இருந்தன; மிச்சம் மட்டைக்குள் செருகி நின்றது. காசு போன வருத்தத்தைவிட ஒரு கேள்விதான் என்னை அதிகம் குடைந்தது. அந்தக் கத்தி லாரியின் வில்பட்டையில் அடித்தது. பல வருடம் டன் கணக்கில் சுமை தாங்கி, ஒவ்வொரு பள்ளத்திலும் வளைந்து நிமிர்ந்த பட்டை அது. லாரிக்கு அடியில் ஒடியாத இரும்பு, என் மணிக்கட்டின் முறுக்குக்கு எப்படி ஒடிந்தது? இடையில் அதற்கு நேர்ந்ததெல்லாம் நெருப்பும் அடியும் தண்ணீரும்தான். எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை.

அடுத்த கத்திக்காகச் சிவகங்கை மாவட்டத்தில், அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்திக்குப் போனேன். சாலையோரப் பட்டறையில் இருந்த பெரியவரிடம் ஒடிந்த துண்டுகளைக் கொடுத்தேன். யார் செய்தது, என்ன விலை என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒடிந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

"கற்கண்டு மாதிரி மின்னுது பாருங்க தம்பி. நெருப்பு ஏறிப்போச்சு. தோய்ச்சலுக்கு அப்புறம் சூடு காட்டி இறக்கியிருக்கணும், அதையும் செய்யல."

பிறகு மூலையில் கிடந்த ஒரு பழைய அரிவாளின் உடைசலை எடுத்து அதன் முகத்தைக் காட்டினார். மின்னவில்லை. சலித்த சாம்பலைத் தடவியது போல மங்கலாக, மெத்தென்று இருந்தது. இரண்டும் ஒரே இரும்பு என்று அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

அவர் வெறுங்கண்ணால் படித்ததைப் படிக்க அறிவியலுக்கு வெகுநாள் பிடித்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹென்றி சோர்பி என்பவர் 1863-ல் எஃகுத் துண்டுகளைக் கண்ணாடிபோல மெருகேற்றி, மென்மையான அமிலத்தில் நனைத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். அதுவரை பாறைகளை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஒரே வார்ப்பாகத் தோன்றும் எஃகு, உண்மையில் நெருக்கி அடுக்கிய மணிகளால் ஆனது என்று தெரிந்தது. உப்புக் கல்லைப்போல ஒவ்வொரு மணியும் ஒரு படிகம். உலையில் சூடு மிஞ்சினால் அடுத்தடுத்த மணிகள் ஒன்றாகிப் பெருக்கின்றன. மணி பெரிதானால் விரிசல் ஒரு மணியை விட்டு மறு மணிக்குப் போக அதிகம் திரும்பவேண்டியதில்லை, நேராக ஓடிவிடும். மணி சிறிதாக இருந்தால் ஒவ்வொரு எல்லையிலும் முட்டித் திரும்பியாக வேண்டும். கற்கண்டு மின்னலும் சாம்பல் மங்கலும் அந்த மணிகளின் அளவைத்தான் சொல்கின்றன.

ஆனால் மணியின் அளவு பாதிக் கதைதான். ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதில்தான் மறுபாதி இருக்கிறது.

இரும்பு அணுக்களுக்கு இரண்டு விதமான அடுக்கு உண்டு. சாதாரணச் சூட்டில், ஒரு கனசதுரப் பெட்டியின் எட்டு மூலையிலும் ஒவ்வோர் அணு, நடுவில் ஓர் அணு. இதை நடுமைய அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். சுத்தமான இரும்பை 912 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அணுக்கள் இடம் மாறி, எட்டு மூலையிலும், ஆறு முகங்களின் நடுவிலும் உட்கார்ந்துகொள்கின்றன. இது முகமைய அடுக்கு. பழக்கடையில் எலுமிச்சையைக் கூம்பாக அடுக்கும்போது வருவதும் இந்த நெருக்கமான அடுக்குதான்.

இங்கே ஒரு விசித்திரம். முகமைய அடுக்கில் அணுக்கள் அதிக நெருக்கமாக இருக்கின்றன. ஆனாலும் இடையில் கிடைக்கும் பொந்து பெரியது. பரண்மேல் பாத்திரங்களைக் கண்டபடி வைத்தால் எங்கு பார்த்தாலும் சின்னச் சின்னச் சந்து. எதிலும் ஒன்றும் வைக்க முடியாது. ஒழுங்காக அடுக்கினால் மொத்த இடம் குறைந்தும்கூட, ஒரு பக்கத்தில் தூக்குச்சட்டி வைக்கிற அளவு ஓர் இடம் தெளிவாகக் கிடைக்கும். அந்த இடத்துக்குக் குடிவருவதுதான் கரி, அதாவது கார்பன் அணு. இரும்பையும் எஃகையும் வேறுபடுத்துவது இந்தக் கரிதான். ஸ்வீடனின் டோர்பெர்ன் பெர்க்மன் 1781-ல் இரும்பு வகைகளை அமிலத்தில் கரைத்து, கரையாமல் மிஞ்சிய கறுப்பு வண்டலை எடை போட்டபோது இது துலங்கத் தொடங்கியது. நம் வில்பட்டையில் கரி நூற்றில் சுமார் 0.6 பங்கு. செந்தணல் நிறத்தில், முகமைய அடுக்கில், அவ்வளவு கரியும் வசதியாகக் குடியிருக்கும். ஆறிய நடுமைய அடுக்கிலோ நூற்றில் 0.02 பங்குக்குமேல் இடமே கிடையாது.

அப்படியானால் ஆறும்போது மிச்சக் கரி எங்கே போகும்? மெதுவாக ஆறவிட்டால், அது நகர்ந்து நகர்ந்து தனியே பிரிந்து, இரும்பும் கரியும் சேர்ந்த ஒரு கடினமான கூட்டுப்பொருளாக மெல்லிய ஏடுகளாய்ப் படிந்துவிடும். சாம்பலில் புதைத்து ஆறவைத்த பட்டையை அரத்தால் ராவ முடிவது இதனால்தான். ஆனால் பழுக்கக் காய்ச்சியதைச் சட்டென்று தண்ணீரில் முக்கினால், அதாவது தோய்ச்சல் கொடுத்தால், கரிக்கு நகர நேரமில்லை. பேருந்து நகரத் தொடங்கியபின் படியில் தொற்றிய ஆள் மாதிரி நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்கிறது. இரும்பு அணுக்கள் நடுமைய அடுக்குக்குத் திரும்பப் பார்க்கின்றன. கரி குறுக்கே நிற்கிறது. பெட்டி ஒரு பக்கமாக நீண்டு கோணிப்போகிறது. இந்தக் கோணல் அடுக்குக்கு, ஜெர்மன் பொறியாளர் அடோல்ஃப் மார்ட்டன்ஸின் பெயரால் மார்ட்டன்சைட் என்று பெயர். 'மாட்டிய அடுக்கு' என்று தமிழில் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே நடப்பது அதுதானே.

இதையெல்லாம் கண்ணால் பார்க்காமல் எப்படிச் சொல்கிறோம்? எக்ஸ் கதிர்களை ஒரு படிகத்தின் வழியே செலுத்தினால், அணு அடுக்கின் இடைவெளிக்குத் தக்கபடி அவை குறிப்பிட்ட கோணங்களில் தெறிக்கின்றன. ஜன்னல் கம்பியின் நிழலைப் பார்த்துக் கம்பிகளின் இடைவெளியைக் கணக்கிடுவது போன்ற வேலை. 1921-ல் ஆர்னே வெஸ்ட்கிரன் சூடான இரும்பின்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி முகமைய அடுக்கைக் காட்டினார். 1926-ல் ஃபிங்க், கேம்பல் இருவரும் முக்கியெடுத்த எஃகில் கனசதுரம் ஒரு திசையில் நீண்டிருப்பதை அளந்தார்கள். கொல்லர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீர்த் தொட்டியில் செய்துவந்தது என்ன என்பது அன்றைக்குத்தான் உருவமாகத் தெரிந்தது.

கோணல் அடுக்கு ஏன் கெட்டியாக இருக்கவேண்டும்? ஓர் உலோகம் வளைகிறது என்றால் அணுத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன. தளம் முழுவதும் ஒரே நேரத்தில் சறுக்குவதில்லை. கூடத்தில் விரித்த பெரிய ஜமுக்காளத்தை ஒரு முனையில் பிடித்து இழுத்துப் பாருங்கள், நகராது. ஓர் ஓரத்தில் சுருக்கம் எழுப்பி அந்தச் சுருக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனால் மறு ஓரம் வந்து சேரும்போது ஜமுக்காளம் அரை அடி நகர்ந்திருக்கும். உலோகத்திலும் இப்படிச் சுருக்கங்கள் ஓடுகின்றன என்று 1934-ல் டெய்லர், ஒரோவன், போலனி மூவரும் தனித்தனியே ஊகித்தார்கள். 1956-ல் கேம்பிரிட்ஜில் மெல்லிய அலுமினியத் தகட்டினூடே எலக்ட்ரான் நுண்ணோக்கியால் பார்த்தபோது, அந்தச் சுருக்கங்கள் கண்முன்னே நகர்ந்தன. மாட்டிய அடுக்கில் ஒவ்வொரு கரி அணுவும் ஜமுக்காளத்தின்மேல் வைத்த அம்மிக்குழவி. சுருக்கம் ஓட முடியாது. ஓட முடியாததால் இரும்பு வளையாது. வளைய முடியாத பொருளுக்கு மிச்சமிருப்பது ஒரே வழி: ஒடிவது. என் முதல் கத்திக்கு நடந்தது அதுதான்.

பெரியவரிடம் கொடுக்க நான் ஒரு மாதிரி வெட்டிப் போயிருந்தேன். பழைய தினசரி காலண்டரின் அட்டையில், தகடு 6 அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம், முதுகு நேர்கோடு. அதைத் தரையில் வைத்து, கரித்துண்டால் முனைப்பக்கம் இன்னும் வளைத்துக் கோடு போட்டார். பிடி தொடங்கும் இடத்தில் முதுகைச் சற்றுக் கீழே இறக்கினார். "எதுக்குண்ணே?" என்றேன். "நேரா இருந்தா அமுக்கத்தான் முடியும். வளைவு இருந்தாத்தான் இழுக்கும்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு நல்ல இயற்பியல் இருக்கிறது. பழுத்த தக்காளிமேல் கத்தியை வைத்து நேராக அமுக்கினால் தோல் குழிந்து சாறு பீறிடும். அதே கத்தியை இழுத்தால் பாதி அழுத்தத்திலேயே வழுக்கிக்கொண்டு இறங்கும். ஹார்வர்டில் எல். மகாதேவனும் உடன் ஆய்வாளர்களும் 2012-ல் இதை அகார் களியில் சோதித்தார்கள். (மகாதேவன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்.) மெல்லிய கம்பியால் களியை நேராக அமுக்கியும், அமுக்கிக்கொண்டே பக்கவாட்டில் இழுத்தும் எப்போது முதல் பிளவு விழுகிறது என்று அளந்தார்கள். இழுக்கும்போது மிகக் குறைந்த அழுத்தமே போதுமாக இருந்தது. மென்மையான பொருளை அமுக்கினால் அது ஒட்டுமொத்தமாகக் குழிந்து, நம் வேலையை விழுங்கிக்கொள்கிறது. பக்கவாட்டில் இழுத்தாலோ விளிம்புக்கு நேர் கீழே உள்ள மேல்தோல் மட்டும் இழுபட்டுக் கிழிகிறது. முதல் கிழிசல் விழுந்துவிட்டால் பிறகு அது தானே முன்னேறும். நம் வீட்டு அரிவாள்மனையின் வளைவைப் பாருங்கள். காயை நாம் முன்னோக்கித் தள்ளத்தான் செய்கிறோம். வளைவு அந்தத் தள்ளலில் ஒரு பங்கைத் தானாகவே இழுப்பாக மாற்றிவிடுகிறது. அந்த வளைவைக் கண்டுபிடித்தவர் யாரென்று எந்தக் கல்வெட்டிலும் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

அடுத்தது விளிம்பின் பருமன். அழுத்தம் என்பது விசை எவ்வளவு சிறிய பரப்பில் இறங்குகிறது என்பதுதான். ஊசி ஏறும் இடத்தில் விரல் ஏறாது. விளிம்பைப் பாதியாக மெலிய வைத்தால் அதே கை வலுவில் அழுத்தம் இரண்டு மடங்கு. அப்படியென்றால் எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு நல்லதா? காகிதம் இதற்குப் பதில் சொல்லும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2024-ல், எந்தக் காகிதம் விரலை அதிகம் அறுக்கிறது என்று சோதித்தார்கள். மிக மெல்லிய காகிதம் தோலைத் தொட்டதும் மடங்கிவிடுகிறது. தடித்த அட்டை அழுத்தத்தைப் பரப்பிவிடுவதால் அறுப்பதில்லை. இடையில், சுமார் 65 மைக்ரான் பருமனில், அதாவது ஒரு தலைமுடி அளவில், காகிதம் நன்றாகவே அறுக்கிறது. கத்திக்கும் இதே நெருக்கடிதான். காய்கறிக் கத்தியின் விளிம்பைப் பக்கத்துக்கு 15 டிகிரி சாய்வில் மெலிய வைக்கலாம். விறகு வெட்டும் அரிவாளுக்கு அதே சாய்வு வைத்தால் முதல் கணுவிலேயே விளிம்பு சுருண்டுவிடும். அதற்கு 25 டிகிரிக்கு மேல் வேண்டும். நான் காய்கறியும் நறுக்குவேன், வாழை இலையும் அறுப்பேன், கயிறும் அறுப்பேன் என்றதும் பெரியவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் கட்டைவிரல் நகத்தை இரும்புமேல் சாய்த்து வைத்து, "இந்தச் சாய்வு" என்றார். வீட்டில் கோணமானியால் அளந்தபோது ஏறக்குறைய 20 டிகிரி.

விளிம்பு எதனால் மழுங்குகிறது என்பதும் நாம் நினைப்பதுபோல் இல்லை. தாடி மயிர் சவர பிளேடைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. தேய்வதென்றால் மயிர்தான் தேயவேண்டும். ஆனால் பிளேடு ஏன் சில நாளில் மொட்டையாகிறது? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜான்லூகா ரோஷியோலியும் அவர் குழுவும் 2020-ல் சயின்ஸ் இதழில் இதற்கு விடை எழுதினார்கள். அவர் தன் முகத்தையே மழித்துவிட்டு ஒவ்வொரு முறையும் பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கவில்லை. அங்கங்கே சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. பிறகு நுண்ணோக்கிக்குள்ளேயே மயிரை வெட்டும் ஒரு சிறு கருவி செய்து, வெட்டும் கணத்தையே பார்த்தார்கள். மயிர் நேராக நிற்காமல் வளைந்து, விளிம்பில் ஏற்கெனவே ஒரு நுண்ணிய பள்ளம் இருக்கும் இடத்தின் பக்கவாட்டில் மோதும்போது, எஃகின் அமைப்பு சீராக இல்லாத எல்லையில் சில்லு தெறிக்கிறது. கெட்டியாக இருப்பது போதாது, அமைப்பு சீராகவும் இருக்கவேண்டும் என்று அர்த்தம். பெரியவர் சாம்பல் மங்கலைக் காட்டிச் சொன்னதும் இதையேதான்.

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன். அதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

அடித்து வடிவம் வந்த தகட்டை அவர் இரண்டு முறை சிவக்கக் காய்ச்சி, சும்மா காற்றில் ஆறவிட்டார். பெருத்த மணிகள் சிறுத்துப்போவதற்கு இது. மூன்றாம் முறை துருத்திக் காற்றைக் குறைத்து, பொறுமையாகக் காய்ச்சினார். பட்டறையின் அந்த மூலையில் வெளிச்சம் படாமல் ஒரு சாக்குப் படுதா தொங்கியது. நிறம் பார்க்க இருட்டு வேண்டும். அவர் கையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒரு காந்தம். தகட்டை வெளியே எடுத்துக் காந்தத்தில் தொட்டார், ஒட்டியது. மறுபடி உலை. மறுபடி எடுத்தபோது காந்தம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும். அணு அடுக்கு மாறும் சூடும் நம் பட்டைக்கு அதன் அருகில்தான். அதற்கு மேல் சிறிது நேரம் வைத்தால் போதும், அதிகமானால் கற்கண்டு.

வாய்ப்பக்கத்தை மட்டும், அரை விரல் ஆழத்துக்குத் தண்ணீரில் இறக்கினார். 'ஸ்ஸ்' என்ற சத்தம் அடங்கும்வரை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினார். ஒரே மட்டத்தில் நின்றால் நனைந்ததற்கும் நனையாததற்கும் நடுவே ஒரு கோடு விழுந்து அங்கேயே விரிசல் விடும் என்றார். அதற்கும் காரணம் உண்டு. முகமைய அடுக்கு மாட்டிய அடுக்காக மாறும்போது கன அளவு நூற்றுக்கு மூன்று நாலு பங்கு பெருக்கிறது. பக்கத்து இரும்பு பெருக்காமல் நிற்க, இது மட்டும் பெருத்தால் எல்லையில் இழுபறி. ஜப்பானிய வாளின் முதுகில் களிமண் பூசி, வாய்ப்பக்கம் மட்டும் விரைவாகக் குளிரும்படி முக்குவார்கள். நேராக உள்ளே போன வாள் வளைந்து வெளியே வருவதற்கு இந்தப் பெருக்கமும் ஒரு காரணம்.

வெளியே எடுத்தவுடன் செங்கல் துண்டால் வாய்ப்பக்கத்தைப் பரபரவென்று தேய்த்து வெள்ளை தெரியவைத்தார். முதுகில் இன்னும் சூடு இருந்தது. "இப்பப் பாருங்க, பேசாதீங்க" என்றார்.

முதுகிலிருந்த சூடு வாயை நோக்கி இறங்கிவந்தது. வெள்ளை இரும்பின்மேல் முதலில் காய்ந்த வைக்கோலின் வெளிர்மஞ்சள் ஒரு பட்டையாகத் தோன்றி நகர்ந்தது. அதன் பின்னால் பழுப்பு. அதற்கும் பின்னால் கத்தரிப்பூ நிறம், பிறகு மயில் கழுத்து நீலம். நாலு நிறமும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் விளிம்பை நோக்கி ஊர்ந்துவந்தன. மொத்தம் அரை நிமிடம்கூட இருக்காது. வைக்கோல் மஞ்சள் விளிம்பைத் தொட்டு, லேசாகப் பழுக்கத் தொடங்கிய அந்தக் கணத்தில் தகட்டை முழுவதுமாகத் தண்ணீரில் போட்டுவிட்டார்.

அந்த நிறங்கள் சாயம் அல்ல. சூட்டில் இரும்பின்மேல் ஆக்சைடு படலம் வளர்கிறது. வைக்கோல் நிறத்தில் அதன் பருமன் ஒரு மைக்ரானில் சுமார் இருபதில் ஒரு பங்கு. படலத்தின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேரும்போது சில நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மிஞ்சியதை நாம் பார்க்கிறோம். மழைநாளில் சாலைத் தண்ணீரில் பெட்ரோல் சொட்டினால் வானவில் விரிவதும் இப்படித்தான். படலம் தடிக்கத் தடிக்க அழியும் நிறம் மாறும். அதனால் நிறமே வெப்பமானி. வைக்கோல் என்றால் ஏறக்குறைய 220 டிகிரி, பழுப்பு 250, நீலம் 300-ஐ ஒட்டி. அந்தச் சூட்டில் இரும்பு அணுக்கள் இடம் மாறுவதில்லை. ஆனால் மாட்டிக்கொண்ட கரி அணுக்களில் ஒரு பகுதிக்கு நகரத் தெம்பு வந்துவிடுகிறது. அவை வெளியேறி நுண்ணிய துகள்களாகத் திரள, கோணல் கொஞ்சம் நிமிர்கிறது, ஜமுக்காளத்தின்மேல் சில அம்மிக்குழவிகள் குறைகின்றன. கெட்டித்தன்மையில் சிறிது இழந்து, ஒடியாமையில் நிறையப் பெறுகிறோம். இதற்குப் 'பதப்படுத்தல்' என்று பாடப்புத்தகத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். கருப்பட்டிப் பாகின் பதம் தெரிந்த யாருக்கும் பொருத்தம் புரியும். அதனால்தான் ஒரே தகட்டில் விளிம்பு வைக்கோலிலும் முதுகு நீலத்திலும் முடிந்தது. விளிம்பு கூரைப் பிடித்துக்கொள்ளும், முதுகு அடியைத் தாங்கும். என் முதல் கத்திக்கு இந்த அரை நிமிடம் கிடைக்கவே இல்லை.

கெட்டித்தன்மையை எண்ணாகச் சொல்வதற்கு ராக்வெல் சோதனை இருக்கிறது. வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ சுமையால் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்கியது என்று அளப்பார்கள். நல்ல சமையல் கத்திகள் 55-லிருந்து 62 வரை நிற்கும். பெரியவரிடம் அந்தப் பொறி இல்லை. ஒரு புது அரத்தை விளிம்பில் வைத்து இழுத்தார். வழுக்கியும் வழுக்காமலும் ஓர் இரும்புக் கீச்சு. "போதும்" என்று வைத்துவிட்டார்.

இந்த மண்ணுக்கும் கரி எஃகுக்கும் உள்ள உறவு பழையது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் உருக்கு செய்த உலைகளின் எச்சங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. தென்னிந்திய மூசை உருக்கை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றார்கள். அதன் ரகசியத்தை அறிய 1819-ல் அதைப் பகுத்துப் பார்த்தவர்களில் மைக்கேல் ஃபாரடே ஒருவர். அவர் தந்தை ஒரு கொல்லர். உருக்கின் சிறப்புக்கு அதிலிருந்த அலுமினியம்தான் காரணம் என்று ஃபாரடே முடிவு செய்தார், அது தவறு. அதில் நூற்றில் ஒன்றரைப் பங்கை ஒட்டிக் கரி இருந்ததுதான் அடிப்படை. அந்த உருக்கில் அடித்த வாள்களின் மேல் ஓடும் அலைக்கோலம் எப்படி வந்தது என்பதற்கு 1990-களில்தான் ஏற்கத்தக்க விடை கிடைத்தது. அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் ஆல்ஃபிரட் பென்ட்ரே என்ற கத்திக் கொல்லரும் சேர்ந்து உருக்கைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். தாதுவில் இயல்பாகவே இருந்த வனேடியம் போன்ற தனிமங்கள், பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில்கூட, கரித்துகள்களை வரிசை வரிசையாக ஒதுக்கிவிடுகின்றன என்று கண்டார்கள். ஆய்வகமும் உலையும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் கிடைத்த விடை அது. நம் ஊரில் அப்படி ஒரு மேசை போடவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. திருப்பாச்சேத்திப் பெரியவரின் கண்ணில் இருக்கும் அறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் இன்னும் ஏறவில்லை.

பிடிக்குப் பூவரசங்கட்டை. தகட்டின் வாலைச் சுடவைத்து, துளையில் அரக்கை உருக்கி ஊற்றிச் செருகி, கழுத்தில் பூண் போட்டார். ஆள்காட்டி விரலின்மேல் கத்தியை நிறுத்தினால் பூணுக்குச் சற்று முன்னால் சமநிலை கொள்கிறது. அரிவாளுக்கு எடை முன்னால் இருக்கவேண்டும். வீசும்போது எடையே வெட்டும். கையிலேயே வைத்து வேலை செய்யும் கத்திக்கு எடை விரல்களின் அருகில் இருந்தால்தான் மணிக்கட்டு சோராது.

எடுத்துப்போவது பற்றி இரண்டு சொல்லவேண்டும். ஒன்று சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அளவு சிறிதென்றாலும் நான் கத்தியைத் தோப்புக்கு எடுத்துப்போகும்போது உறையில் போட்டு, துணிப்பையின் அடியில் வைத்துத்தான் கொண்டுபோகிறேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் நிம்மதியும் கத்தி வைத்திருப்பவரின் பொறுப்புதான்.

இரண்டாவது உறை. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கரி எஃகுக்கு ஈரமும் உப்பும் ஆகாது; குரோமியம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சேர்த்த துருப்பிடிக்காத எஃகு வேறு சாதி. குரோம் உப்பில் பதனிட்ட தோல் உறையில் கத்தியை மாதக்கணக்கில் வைத்தால், தோலில் தங்கும் உப்பு இரும்பைப் புள்ளி புள்ளியாகத் தின்னும். ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் மேல். அதுவும் எடுத்துப்போகும்போது மட்டும். வீட்டில் என் கத்தி தேங்காயெண்ணெய் தடவி, காகிதம் சுற்றி, உறைக்கு வெளியேதான் தூங்குகிறது.

முதல் தடவை வாழைக்காய் நறுக்கியபோது தகடு நீலமும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகிவிட்டது. என் மனைவி துரு என்று நினைத்துப் பதறிவிட்டாள். துரு அல்ல. வாழைக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின், இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இதே வினையால்தான். துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அடியில் உள்ள இரும்பைத் திறந்துவிடும். இந்தக் கறுப்பு மெல்லியதாக ஒட்டிக்கொண்டு, ஓரளவுக்குக் காவலும் நிற்கிறது. அதை நான் தேய்ப்பதில்லை.

நாலு வருடமாயிற்று. சாணைக்குக் கொடுப்பதில்லை, அதன் வேகமான சக்கரத்தில் விளிம்பு நீலம் பாரித்தால், பட்டறையில் நிறுத்திய வைக்கோல் நிறம் வீணாகிவிடும். மாதம் ஒருமுறை நானே கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டுகிறேன். வாங்கிவரும்போது பெரியவர் சொன்னார்: "வாயில அரை விரல்தான் தோய்ச்சல் இருக்கு தம்பி. அது தேயிறவரைக்கும் நல்லா வெட்டும். அப்புறம் மழுங்கிக்கிட்டே இருக்கும். அப்பக் கொண்டாங்க, திரும்பப் போட்டுத் தர்றேன்." காலண்டர் அட்டை மாதிரியில் அவர் போட்ட கரிக்கோட்டின்மேல் போன வாரம் தகட்டை வைத்துப் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது.